625 வரை படித்தால் போதும்

31 வருஷம் என் கை பிரித்த தபால்தான் இந்த இன்டர்நெட்! ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகுதான் இது எனக்குப் பிடிபட்டது. பிடிபட்ட நாளிலிருந்து மனசு ஓரிடத்தில் நிற்கமாட்டேன் என்கிறது. காய்கறி வாங்கப் போனால் கடைக்காரரிடம் சொல்கிறேன். கோயில் பிராகாரம் சுற்றும்போது கூட வருகிறவர்களிடம் சொல்கிறேன். இப்போது உங்களிடம்.

பெரியகுளத்துக்காரி நான். வராக நதிக்குத் தென்கரையில் பிறந்த வீடு, வடகரையில் புகுந்த வீடு. வேலை பார்த்தது தபால் ஆபீஸில். கடிதத்துக்கு முத்திரை குத்துவதில் தொடங்கி, பை கட்டி அரக்கு வைப்பது, பதிவுத் தபாலை ஏட்டில் ஏற்றுவது, தபால்காரர்களுக்கு பீட் வாரியாகக் கட்டுப் பிரித்துக் கொடுப்பது வரை எல்லாம் செய்திருக்கிறேன். ஆசைப்பட்டுச் செய்த வேலை. ஆனால் அதற்குள் இவ்வளவு பெரிய சூத்திரம் ஒளிந்திருக்கிறது என்பது அப்போது தெரியாது. தெரிய வைத்தவன் எதிர்வீட்டுப் பையன்.

அவன் கேபிள் வேலை பார்க்கிறான். முன்பெல்லாம் எங்கள் வீட்டுக்கு இணைப்பு வந்தது பழைய தொலைபேசியின் செம்புக் கம்பியில். எக்ஸ்சேஞ்சிலிருந்து வீடு தள்ளிப் போகப் போக அதில் வேகம் தேயும். மழை பெய்து ஜாயின்ட்டில் ஈரம் இறங்கினால் பேச்சும் இல்லை, படமும் இல்லை. ஒருநாள் அந்தப் பையன் கறுப்பு நிறத்தில் தட்டையாக ஒரு வயரை மின்கம்பத்திலிருந்து எங்கள் திண்ணை வரைக்கும் இழுத்துக்கொண்டு வந்தான். ஃபைபர்.

திண்ணையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து வயரின் தோலை உரித்தான். உள்ளே இரண்டு பக்கமும் எஃகுக் கம்பி, நடுவில் ஒரு நூல். அந்த நூலின் மேல்பூச்சையும் இடுக்கியால் வழித்து எடுத்தபிறகு மிஞ்சியதைப் பார்க்க நான் கண்ணாடியை மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. 125 மைக்ரான் கனம். அதாவது ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு. அதற்கும் நடுவே வெளிச்சம் ஓடுகிற பாதை 9 மைக்ரான்தான். ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்தான்; துடைக்கும்போது கீச்சென்று ஒரு சத்தம் வந்தது, சுத்தமாகக் கழுவிய தட்டில் விரலை இழுத்தால் வருமே அதுபோல. "அந்தச் சத்தம் வந்தாத்தான் அத்தை சுத்தம்னு அர்த்தம்" என்றான். பிறகு சின்ன வெட்டுக்கருவியில் வைத்து டக்கென்று நுனியைச் செதுக்கினான். இரண்டு நுனிகளையும் ஒரு பெட்டிக்குள் எதிரெதிரே வைத்து மூடினான். பெட்டியின் திரையில் அந்த இரண்டு இழைகளும் இரண்டு பெரிய தூண்கள் மாதிரி தெரிந்தன. ஒன்றை நோக்கி ஒன்று தானாகவே நகர்ந்தன. மேலும் கீழும் ஆடிச் சரிபார்த்தன. நேருக்கு நேர் வந்ததும் சுள்ளென்று ஒரு மின்பொறி. இரண்டு தூணும் ஒரே தூண்! திரையில் 0.02 என்று வந்தது. வெளிச்சம் அந்த ஒட்டில் இழக்கிற அளவு அது. நான் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்திருந்தேன். அரக்கு உருக்கி முத்திரை வைத்த கைக்குத்தான் தெரியும், ஒரு இணைப்பு ஒழுங்காக அமைந்தால் வருகிற நிம்மதி.

"இந்த ஒரு நூலு நேரா எக்ஸ்சேஞ்சுக்குப் போகுதாப்பா?" என்று கேட்டேன்.

"இல்லத்தை. கம்பத்துல ஒரு பெட்டி இருக்குல்ல, அதுக்குள்ள ஸ்பிளிட்டர். மேல இருந்து வர்ற ஒரு வெளிச்சத்த எட்டாப் பிரிக்கும். அதுக்கும் முன்னாடி இன்னொரு எட்டு. ஆக 64 வீட்டுக்கு ஒரே நூலு. அந்தப் பெட்டிக்குக் கரண்டே வேணாம்."

கரண்டே வேண்டாம்! கண்ணாடி கண்ணாடியாகவே வெளிச்சத்தைப் பங்கு போடுகிறது. இதைக் கேட்ட பிறகு எனக்கு அவனை விட மனசில்லை. காபி போட்டுக் கொடுத்து உட்கார வைத்துவிட்டேன்.

அவன் சொன்னது இது. மேலிருந்து கீழே வருகிற வெளிச்சம் 64 வீட்டுக்கும் ஒன்றாகவே போகும். எல்லா வீட்டுத் தகவலும் அதில் கலந்திருக்கும், பூட்டுப் போட்டு. அவரவர் வீட்டுப் பெட்டி தன் எண் உள்ளதை மட்டும் எடுத்துத் திறந்துகொண்டு மற்றதை விட்டுவிடும். ஆனால் வீட்டிலிருந்து மேலே போகும்போது அப்படி முடியாது. 64 பேரும் ஒரே நேரத்தில் வெளிச்சம் அடித்தால் ஒரே நூலில் மோதிக்கொள்ளும். அதனால் எக்ஸ்சேஞ்சில் உள்ள கருவி, ஒவ்வொரு வீடும் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று முதலிலேயே அளந்து வைத்துக்கொண்டு, "நீ இப்போ, நீ அப்புறம்" என்று முறை வைக்கிறது. ஒரு நொடியில் 8,000 தடவை இந்த முறை அட்டவணை கீழே வருகிறதாம்.

முறை என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு ஜெயமங்கலத்தில் எங்கள் அப்பா வயல் ஞாபகம் வந்தது. வாய்க்கால் ஒன்று, வயல் பல. எல்லா மடையையும் ஒரே நேரத்தில் திறந்தால் கடைசி வயலுக்குத் தண்ணீர் எட்டாது. அதனால் முறைத் தண்ணீர். யாருக்கு எந்த நாழிகை என்று நீர்பாய்ச்சி ஒருவர் சொல்வார், மண்வெட்டியோடு வரப்பில் நடப்பார். கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேர எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பது அவருக்கு அத்துப்படி. அந்த நீர்பாய்ச்சிதான் இன்று எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து நொடிக்கு 8,000 முறை மடை திறந்து மூடுகிறார்!

வீட்டிலிருந்து எக்ஸ்சேஞ்ச் வரை உள்ள இந்தப் பகுதிக்கு அணுகு வலையமைப்பு என்று பெயர். எங்கள் பாஷையில் அதுதான் பீட். ஒரு தபால்காரர், ஒரு பை, அவருக்கென்று அளந்து விட்ட தெருக்கள். எந்த வீட்டு நாய் கடிக்கும், எந்தப் பாட்டிக்கு எழுத்துக் கூட்டிப் படித்துக் காட்ட வேண்டும் என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். நாட்டில் உள்ள வேறு எந்தத் தபால் ஊழியருக்கும் அது தெரிய வேண்டிய அவசியமே இல்லை.

இந்த இடத்தில்தான் என் கண் திறந்தது.

நம் பின்கோடு 625601. 1972 ஆகஸ்டு 15 அன்று நடைமுறைக்கு வந்த முறை அது. ஸ்ரீராம் பிகாஜி வேலாங்கர் என்ற அதிகாரி உருவாக்கித் தந்தது. சம்ஸ்கிருதப் புலவரும்கூட அவர். முதல் எண் 6 என்றால் தமிழ்நாடு, கேரளம், புதுச்சேரி, லட்சத்தீவு. 625 என்றால் மதுரை வட்டாரம். கடைசி மூன்று எண் வந்தால்தான் பெரியகுளம். இப்போது காஷ்மீரில் ஒருவர் நம் ஊருக்குக் கடிதம் போடுகிறார் என்று வையுங்கள். அங்கே பிரிக்கிறவர் பெரியகுளம் எங்கே இருக்கிறது என்று யோசிப்பாரா? அவருக்கு 6 தெரிந்தால் போதும், தெற்கே போகிற பையில் போட்டுவிடுவார். சென்னையில் உள்ளவர் 625 வரை படிப்பார், மதுரைப் பை. போடிக்கா கம்பத்துக்கா நமக்கா என்ற கவலை அவருக்கு இல்லை. மதுரையில் தபால் பிரிக்கிற ஆர்.எம்.எஸ். நிலையத்தில்தான் 601 படிக்கப்படும். எங்கள் ஆபீஸுக்கு வந்த பிறகு தெருப் பெயர். தபால்காரர் கைக்குப் போன பிறகு கதவு எண். ஒவ்வொருவரும் தனக்கு வேண்டிய அளவு மட்டும் படிக்கிறார்கள். முழு முகவரியையும் முழு வழியையும் தெரிந்து வைத்திருக்கிற ஆள் ஒருவர்கூட இல்லை. ஆனாலும் கடிதம் வந்து சேருகிறது!

ஐ.பி. முகவரி அச்சு அசல் இதேதான். 203.0.113.45 என்பது போல நான்கு எண்கள், ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. முன்பகுதி எந்த வலையமைப்பு என்று சொல்லும், பின்பகுதி அதற்குள் எந்தக் கருவி என்று சொல்லும். வழியில் உள்ள ரூட்டர் முன்பகுதியை மட்டும் படித்து, எந்தப் பக்கம் தள்ளுவது என்று பார்த்துத் தள்ளிவிடுகிறது. இந்த முறையில் மொத்தம் 429 கோடி முகவரிகள் உண்டு. உலகத்தின் நடுச்சாலை ரூட்டர்கள் வைத்திருக்கும் பட்டியலிலோ சுமார் பத்து லட்சம் வரிகள்தான். 429 கோடிக் கதவு எண்ணையும் எவரும் மனப்பாடம் செய்யவில்லை!

அதிலும் ஒரு நுணுக்கம் என்னைத் துள்ள வைத்தது. பட்டியலில் இரண்டு வரி பொருந்தினால் ரூட்டர் எதை எடுக்கும்? அதிக எண் பொருந்துகிற வரியைத்தான். நாங்களும் அப்படியே! தேனிக்குத் தனிப் பை கட்டுகிற நாளில் தேனிக் கடிதம் அந்தப் பையில் போகும். தனிப் பை இல்லாத நாளில் மதுரைப் பையில் போகும். எங்கேயும் சேராத ஊரா? அதுவும் மதுரைப் பைதான், பெரியவர்கள் பார்த்துக்கொள்வார்கள். இந்தக் கடைசி வழக்கத்துக்கும் ரூட்டரில் இடம் உண்டு. டீஃபால்ட் ரூட் என்கிறார்கள். இதை அந்தப் பையன் சொன்னபோது நான் எழுந்தே நின்றுவிட்டேன்.

அடுத்தது மேக் முகவரி. ஒவ்வொரு கருவிக்கும் தயாரிக்கும்போதே கொடுக்கிற 48 பிட் எண். ஐ.பி. முகவரி இருக்கும்போது இது எதற்கு என்று கற்றுக்கொள்கிற பிள்ளைகள் எல்லோரும் குழம்புகிறார்களாம். எனக்குக் குழப்பமே வரவில்லை. கடித உறையில் எழுதிய முகவரி ஒன்று, பையின் கழுத்தில் கட்டிய லேபிள் ஒன்று. பெரியகுளத்தில் பை கட்டும்போது லேபிளில் "மதுரை" என்று இருக்கும். மதுரையில் அந்தப் பையை வெட்டி, கடிதத்தை எடுத்து, "சென்னை" லேபிள் போட்ட வேறு பையில் போடுவார்கள். ஒவ்வொரு நிலையத்திலும் லேபிள் மாறும். உறைமேல் உள்ள முகவரி கடைசி வரை மாறாது. மேக் முகவரி அந்த லேபிள், ஐ.பி. அந்த உறை. இரண்டு நிமிஷத்தில் முடிந்தது பாடம்!

சரி, உள்ளே போகிற சரக்கு என்ன? பாக்கெட். என் மகள் சிங்கப்பூரிலிருந்து பேத்தியின் போட்டோ ஒன்று அனுப்புகிறாள், 3 எம்.பி. அது அப்படியே ஒரே பொட்டலமாக வருவதில்லை. ஒரு பாக்கெட்டுக்கு 1,500 பைட் என்ற கணக்கில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட துண்டாகிறது. ஒவ்வொரு துண்டிலும் அனுப்புநர், பெறுநர், எத்தனையாவது துண்டு. எங்கள் ஊரில் மாம்பழ சீசனில் ஒரு தோப்புக் காய் முழுவதையும் ஒரே லாரி வந்து ஏற்றும்வரை மரத்தடியில் குவித்து வைத்திருப்பதில்லை. பெட்டி போட்டு, சீட்டு ஒட்டி, கிடைத்த வண்டியில் இடம் உள்ள அளவுக்கு ஏற்றி அனுப்பிக்கொண்டே இருப்பார்கள். ஒரு பெட்டி வத்தலக்குண்டு வழியில் போகும், ஒன்று ஆண்டிபட்டி வழியில் போகும். மண்டியில் சீட்டைப் பார்த்துச் சேர்த்துக்கொள்வார்கள்.

இதன் அருமை தெரிய, வெளியூருக்கு டிரங்க் கால் பதிவு செய்து பேசிய காலத்தைப் பார்த்திருக்க வேண்டும். ஆர்டினரி, அர்ஜென்ட், லைட்னிங் என்று மூன்று வகை. சென்னைக்குப் பதிவு செய்துவிட்டு மணிக்கணக்கில் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். இணைப்புக் கிடைத்துவிட்டால் பெரியகுளத்திலிருந்து சென்னை வரை ஒரு பாதை முழுவதும் அந்த இரண்டு பேருக்கே. மகனைக் கூப்பிட்ட ஒரு அம்மா, அழுகை முட்டிப் பேச்சே வராமல் நின்றார். அந்த மௌனத்துக்கும் அந்தப் பாதை முழுக்க ஒதுக்கப்பட்டிருந்தது. வேறு எவரும் அந்த நொடிகளில் நுழைய முடியாது. பாக்கெட் முறையில் யாரும் பாதையைப் பிடித்து வைத்துக்கொள்வதில்லை. நான் பேசாமல் இருக்கும் கணத்தில் என் பாக்கெட் இல்லை. அந்த இடத்தில் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பாடம் போகும்.

இதை யோசித்தவர்கள் இரண்டு பேர், ஒருவருக்கொருவர் தெரியாமல். அமெரிக்காவில் ராண்ட் நிறுவனத்தில் பால் பாரன், 1960களின் தொடக்கத்தில். போர் வந்து பாதி நிலையங்கள் அழிந்தாலும் மீதி வழியில் செய்தி போய்ச் சேர வேண்டும் என்பது அவர் கவலை. இங்கிலாந்தில் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் டொனால்ட் டேவிஸ், 1965இல். பல பேர் ஒரு கம்ப்யூட்டரைப் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பது அவர் கவலை. பாக்கெட் என்று பெயர் வைத்தது டேவிஸ். பிற மொழிகளுக்கும் எளிதாகப் போகிற சொல்லாக இருக்க வேண்டும் என்று மொழியறிஞர் ஒருவரிடம் கேட்டுத் தேர்ந்தெடுத்தாராம். பால் பாக்கெட், மசாலா பாக்கெட் என்று எங்கள் தெரு முழுக்கப் புழங்குகிற சொல்! அவரிடம் போய்ச் சொல்ல முடிந்திருந்தால் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பார்.

பாக்கெட் வழியில் தொலைந்தால்? பதிவுத் தபாலோடு ஒரு ஒப்புகை அட்டை கட்டி அனுப்புவோமே, அதுதான் விடை. பெற்றவர் கையெழுத்துப் போட்ட அட்டை திரும்பி வரும். வரவில்லையா, விசாரணை. டி.சி.பி. என்ற விதிமுறை இதைத்தான் செய்கிறது: துண்டு போய்ச் சேர்ந்ததா என்று ஒப்புகை வாங்குகிறது, வராவிட்டால் மறுபடி அனுப்புகிறது. 2025இல் நம் பதிவுத் தபால் ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்ந்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. ஆனால் அந்த ஒப்புகை அட்டை நொடிக்குக் கோடிக்கணக்கில் உலகமெங்கும் இப்போதும் திரும்பி வந்துகொண்டுதான் இருக்கிறது.

இந்த ஒப்புகை அட்டையை வைத்துத்தான் எங்கள் மாவட்டத்தில் ஒரு பெரிய காரியம் நடந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரைக்கே அர்த்தம் இல்லை.

டாக்டர் ஜி.வெங்கடசாமி 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனைக்குத் தேனியில் ஒரு கிளை உண்டு. சுற்று ஊர்களில் பார்வை மையங்கள். மையத்தில் டாக்டர் இருக்கமாட்டார். பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பெண்கள் கண்ணைச் சோதித்துப் படம் எடுப்பார்கள். டாக்டர் தேனியில் இருந்தபடி திரையில் பார்த்துப் பேசுவார். 2000களின் நடுவில் இதற்கு வேண்டிய வேகத்தில் கம்பி எங்கள் பக்கம் கிடையாது. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்திலிருந்து எரிக் புரூவர் என்ற பேராசிரியரின் குழு வந்தது. ரபின் பத்ரா, சோனேஷ் சுரானா, செர்ஜியூ நெடெவ்ஷி என்று இளம் ஆராய்ச்சியாளர்கள். வீட்டில் வைக்கிற சாதாரண வைஃபை அட்டையையே கோபுரத்தின் மேல் ஏற்றி, ஒரே திசையில் பார்க்கிற ஆன்டெனா மாட்டி, ஊரையும் ஊரையும் இணைத்தார்கள். 2006 ஜூனில் அறிவித்தபோது தேனி மருத்துவமனையோடு ஐந்து மையங்கள் இணைந்திருந்தன.

வைஃபை ஒரு கட்டடத்துக்குள் ஓட வேண்டிய சமாசாரம். அதை 30 கி.மீ. ஓட விட்டால் என்ன ஆகும்? அது ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் ஒப்புகை அட்டை கேட்கும். மைக்ரோ நொடிக் கணக்கில் சிறிது நேரம்தான் காத்திருக்கும். 30 கி.மீ. போகவே ரேடியோ அலைக்கு 100 மைக்ரோ நொடி வேண்டும், அட்டை திரும்பி வர இன்னொரு 100. அதற்குள் அனுப்பியவர் பொறுமை இழந்து அதே கடிதத்தை மறுபடி அனுப்பிவிடுவார்! வழியெல்லாம் ஒரே கடிதத்தின் பிரதிகள், நடுவழியில் மோதல். அந்தக் குழு என்ன செய்தது? ஒன்றுக்கு ஒரு அட்டை என்ற வழக்கத்தை நிறுத்தியது. ஒரு கட்டு முழுவதையும் அனுப்பிவிட்டு, வந்தவை இவை, வராதவை இவை என்று ஒரே பட்டியலாகத் திருப்பி வாங்கியது. இரு பக்கமும் ஒரே நேரத்தில் பேசி மோதாதபடி நேரத்தை முறை வைத்துப் பிரித்தது.

பட்டியலும் முறையும்! பைக்குள் பதிவுத் தபால் பட்டியல் ஒன்று வைத்து அனுப்புவோம். எதிர்முனையில் சரிபார்த்து, குறைவதை எழுதித் தெரிவிப்பார்கள். முறை, எங்கள் அப்பாவின் வாய்க்கால். இரண்டையும் சேர்த்து அவர்கள் 60 கி.மீ.க்கும் மேல் நொடிக்கு 6 மெகாபிட் வரை கொண்டு போனார்கள். 2007இல் வெனிசுலாவில் ஒரு மலை உச்சியிலிருந்து இன்னொரு உச்சிக்கு 382 கி.மீ. தூரம் வைஃபை போய்ச் சாதனை ஆனது. அங்கே ஓடியதும் இந்த பெர்க்லி குழுவின் முறை வைக்கும் மென்பொருள்தான்.

என் சித்தியை ஒருமுறை அப்படி ஒரு பார்வை மையத்துக்குக் கூட்டிப் போயிருக்கிறேன். கருவியில் தாடையை வைத்து உட்கார வைத்தார்கள். அந்தப் பெண் படம் எடுத்து அனுப்பினாள். திரையில் டாக்டர் வந்து, "அம்மா, வெளிச்சம் பார்த்தா கூசுதா?" என்று கேட்டார். சித்தி திரையைப் பார்த்துக் கும்பிட்டார். "பக்கத்து ரூம்லயா இருக்காரு?" என்று என்னிடம் ரகசியமாகக் கேட்டார். அன்று எனக்கும் ஒன்றும் தெரியாது. இன்று தெரிந்த பிறகு அந்தக் கோபுரங்கள் நின்ற திசையைப் பார்த்தாலே எனக்கும் கும்பிடத் தோன்றுகிறது.

வீட்டுக்குத் திரும்புவோம். ஃபைபர் வந்த வாரத்தில் அந்தப் பையன் லேப்டாப்பில் ஒரு கறுப்புத் திரையைத் திறந்து, டிரேஸ்ரூட் என்று ஒன்றைக் காட்டிக் கொடுத்தான். அன்றிலிருந்து தினமும் போட்டுப் பார்க்கிறேன்.

பழைய பதிவுத் தபால் உறையின் முதுகைப் பார்த்திருக்கிறீர்களா? எந்தெந்த ஆபீஸைக் கடந்து வந்ததோ அத்தனை முத்திரையும் தேதியோடு வட்டம் வட்டமாக இருக்கும். அதைப் படித்தே ஒரு கடிதம் வந்த வழியைச் சொல்லிவிடுவேன். டிரேஸ்ரூட் அந்த முதுகுதான். 1987இல் வான் ஜேக்கப்சன் என்பவர் எழுதியது. அவர் தந்திரத்தைக் கேளுங்கள். ஒவ்வொரு பாக்கெட்டிலும் ஆயுள் எண் ஒன்று இருக்கும். ஒவ்வொரு ரூட்டரும் அதில் ஒன்றைக் குறைக்கும். பூஜ்யமானால் பாக்கெட்டை நிறுத்திவிட்டு, "ஆயுள் முடிந்தது" என்று அனுப்பியவருக்குச் சீட்டுப் போடும். வழி தவறிய பாக்கெட் காலமெல்லாம் சுற்றித் திரியாமல் இருக்க வைத்த ஏற்பாடு. ஜேக்கப்சன் வேண்டுமென்றே ஆயுள் 1 என்று அனுப்பினார். முதல் நிலையம் சீட்டுப் போட்டது. ஆயுள் 2, இரண்டாவது நிலையம். இப்படியே போனால் வழியில் உள்ள அத்தனை நிலையமும் வரிசையாகத் தன் பெயரைச் சொல்லிவிடுகின்றன! திரும்பி வந்த கடிதத்தை வைத்தே வழியை வரைந்த மூளைக்கு என்ன கொடுத்தாலும் தகும்.

முதல் வரியில் 192.168.1.1, எங்கள் வீட்டுப் பெட்டி, 1 மில்லி நொடி. அடுத்து 100.64 என்று தொடங்கும் ஒரு நிலையம். பிறகு 10 என்று தொடங்குபவை. பிறகு சென்னை. பிறகு கடல். கடைசி வரியில் சிங்கப்பூர், 46 மில்லி நொடி. பேப்பர் எடுத்துக் கணக்குப் போட்டேன். கண்ணாடி இழையில் வெளிச்சம் நொடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. போகும். பெரியகுளத்திலிருந்து சென்னை ஏறத்தாழ 500 கி.மீ.; சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குக் கடலடிக் கேபிள் சுமார் 3,200 கி.மீ. போக வர 7,400 கி.மீ. வெளிச்சத்துக்கே 37 மில்லி நொடி வேண்டும்! மிச்சம் 9தான் அத்தனை நிலையங்களிலும் பிரித்துப் பை மாற்றிய நேரமும் வழியின் சுற்றும். என் கணக்கும் திரையும் இவ்வளவு நெருக்கமாக வந்ததைப் பார்த்து, ராத்திரி பதினொரு மணிக்கு எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன்.

192.168 பற்றி இரண்டு வார்த்தை. அது எங்கள் வீட்டுக்கு மட்டும் சொந்தமான முகவரி இல்லை. உலகத்தில் கோடிக்கணக்கான வீடுகளில் அதே எண்தான். எங்கள் ஊர்த் தோட்டக்கலைக் கல்லூரி விடுதியில் பிள்ளைகள் எத்தனை பேர் இருந்தாலும் எங்களுக்கு விடுதி முகவரி ஒன்றுதான். எந்த அறைக்கு யார் என்பது விடுதிக்குள் உள்ள விஷயம். வீட்டுப் பெட்டியும் அப்படித்தான், எந்தப் பதில் எந்தப் போனுக்கு என்று குறித்து வைத்துக்கொண்டு பிரித்துக் கொடுக்கிறது. 429 கோடி முகவரியும் பற்றாமல் 2011 பிப்ரவரி 3 அன்று உலகப் பொதுக் கையிருப்பு தீர்ந்துபோனது. அதனால் இணைப்புக் கொடுப்பவர்களும் தெருவுக்கே ஒரு விடுதி முகவரி போடுகிறார்கள். அந்த 100.64 அதுதான். இதற்கு நிரந்தரத் தீர்வு ஐ.பி. பதிப்பு 6. அதில் ஒரு வீட்டுக்குக் கொடுக்கிற சிறிய பங்கிலேயே 1.8 லட்சம் கோடி கோடி முகவரிகள். இந்தியா அதன் பயன்பாட்டில் உலகின் முன்வரிசையில் இருக்கிறது. எங்கள் வீட்டுக்கும் வந்துவிட்டது. என் போனுக்கே தனிக் கதவு எண்!

ஒருநாள் சாயங்காலம் மகளோடு பேசிக்கொண்டே டிரேஸ்ரூட் போட்டேன். கடைசி வரியில் 46க்குப் பதில் 63. நடுவில் வழக்கமாக வருகிற நிலையங்களும் மாறியிருந்தன. மேலே எங்கோ ஒரு வழி அடைபட்டிருக்கிறது, வேறு வழியில் போகிறது. மகளின் பேச்சில் ஒரு எழுத்துக்கூடத் தடுக்கவில்லை. உசிலம்பட்டி சாலை அடைபட்டால் மெயில் வேனை வத்தலக்குண்டு வழியாகத் திருப்பி விடுவோம். கடிதம் எழுதியவருக்கு அது தெரியவே தெரியாது. பால் பாரன் 60 வருஷத்துக்கு முன் பேப்பரில் வரைந்ததை நான் வடகரையில் உட்கார்ந்து கண்ணால் பார்த்தேன். உடம்பெல்லாம் சிலிர்த்தது.

ஆனால் பீட்டுக்கு மாற்று வழி கிடையாது. மேலே வலை, கீழே மரக்கிளை. போன மாதம் சாலை தோண்டிய வண்டி எங்கள் தெருக் கேபிளை அறுத்துவிட்டது. பெட்டியில் சிவப்பு விளக்கு. தெருவே வாசலில் நின்றது. நாளைக்குப் பரீட்சை என்று ஒரு பிள்ளை அழுதது.

ராத்திரி ஒன்பதரைக்கு அந்தப் பையன் ஒட்டும் பெட்டியோடு வந்தான். நான் டார்ச் எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். உரித்தான், துடைத்தான், கீச்சென்ற சத்தம் எனக்கும் கேட்டது. "ஆட்டாமப் பிடிங்கத்தை." இரண்டு தூண்களும் திரையில் வந்து நேருக்கு நேர் நின்றன. பொறி. 0.01.

"போன தடவையை விட நல்லா வந்திருக்குப்பா" என்றேன்.

"நீங்க வெளிச்சம் பிடிச்சீங்கல்ல" என்றான். வந்து சேரும் வெளிச்சத்தை மீட்டர் வைத்து அளந்தான், மைனஸ் 20. எங்கள் வீட்டு ஜன்னலில் பச்சை விளக்கு இரண்டு தடவை மினுங்கி நின்றது. அடுத்த வீட்டில், அதற்கடுத்த வீட்டில் என்று வரிசையாகப் பச்சை. என் கையில் போன் அடித்தது. சிங்கப்பூரில் அப்போது நள்ளிரவு தாண்டியிருக்கும். மகள் தூங்காமல் காத்திருந்திருக்கிறாள்.